கேரியர் திரும்பினால் மகனுக்குச் சொல்

அக்னஸைப் பார்த்தால், ஒரு மதியத்தில் நாலு கண்டத்தைக் கலங்கடித்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திருச்சி பாலக்கரையில் வீடு. ஐம்பதை எட்டப்போகும் வயது. பி.காம். படிப்பு. தினமும் காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் வருவார். பாலத்தில் பஸ் ஊரும்போது வீட்டுக்கு போன் போட்டு, "கேஸை மூடினீங்களா, இல்ல நான் இறங்கித் திரும்பி வரணுமா?" என்று கணவரை மிரட்டுவார்; சாயங்காலம் திரும்பும்போதும் அதே பாலத்தில் கேஸ் விசாரணை உண்டு. மேல அடையவளஞ்சான் வீதியில் ரங்கசாமி நடத்தும் கேரியர் சாப்பாட்டுக் கூடத்தில் கணக்கு, வசூல், புகார், சமாதானம் எல்லாம் அவர் பொறுப்பு.

அந்தத் தொழில் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் விளைவது நெல்லும் வாழையும் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். இங்கிருந்து அதிகம் ஏற்றுமதியாவது பிள்ளைகள். அவர்கள் போனபின் வீதிக்கு வீதி ஓர் அப்பாவும் அம்மாவும், பல வீடுகளில் அவர்களில் ஒருவர் மட்டும், ஒரு பெரிய வீட்டைப் பூட்டித் திறந்துகொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் சுடச்சுடச் சாப்பாடு அனுப்புகிறார் ரங்கசாமி. சாத்தமுது என்கிற ரசம் கீழ உத்தர வீதிக்குப் போகும். பில் மெல்போர்னுக்குப் போகும். சாப்பிடுகிறவர் ஒருவர், பணம் கட்டுகிறவர் இன்னொருவர், இருவருக்கும் நடுவே ஒரு சமுத்திரம். இந்தச் சமுத்திரத்தைக் கட்டி மேய்ப்பதற்குத்தான் ரங்கசாமி ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கினார். விற்றவர் ஒருநாள் வந்து விளக்கிவிட்டு, காபி குடித்துவிட்டு, பிறகு போனை எடுக்காத ஜாதியில் சேர்ந்துவிட்டார். மிச்சத்தை அக்னஸ் தானே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார்.

அந்த மென்பொருளில் ஒரு பக்கம் உண்டு. இடது பக்கம் ஒரு கட்டம்: 'இது நடந்தால்'. வலது பக்கம் ஒரு கட்டம்: 'இதைச் செய்'. அவ்வளவுதான். விற்றவர் அதை ஹூக் என்றார். அடுப்படியில் அது கொக்கி ஆகிவிட்டது.

முதல் கொக்கியை அக்னஸ் மாட்டிய நாளில் ரங்கசாமி கரண்டியும் கையுமாகப் பின்னால் வந்து நின்றார். 'பணம் வந்தால், ரசீது அனுப்பு' என்று எழுதிவிட்டு, அக்னஸ் தன் செல்லிலிருந்து ஒரு ரூபாய் கட்டினார். கை கட்டி உட்கார்ந்தார். ஒரு மூச்சு விடும் நேரம். செல் 'டிங்' என்றது. ரசீது.

"யார் அனுப்பினா?" என்றார் ரங்கசாமி.

"யாரும் அனுப்பல சார். அதுவா போச்சு."

"அதுவான்னா?"

"ஒரு தடவை சொல்லி வெச்சுட்டா போதும் சார். நாம தூங்கினாலும் அது செஞ்சுக்கிட்டே இருக்கும்."

ரங்கசாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது புரியாமல் இல்லை, ரொம்பப் புரிந்துவிட்டது. அவர் பிறந்து வளர்ந்த ஊரே அப்படி இயங்கும் ஊர்தான். இந்த மணி அடித்தால் அந்த நடை திறக்கும். இந்த வாத்தியம் வாசித்தால் பெருமாள் புறப்படுவார். யார் எப்போது சொல்லி வைத்தார்கள் என்று தெரியாது. சொன்னவர்கள் தூங்கிப் பல நூறு வருஷமாகியும் நடந்துகொண்டே இருக்கிறது. அதே சங்கதி பாலக்கரை அக்னஸின் இரண்டு கட்டத்துக்குள் அடங்கிக் கிடந்ததைப் பார்த்தால் யாருக்கும் கை தானாகக் கன்னத்துக்குப் போகும்.

அதன்பின் அக்னஸ் கொக்கியாக மாட்டித் தள்ளினார். கெடு தாண்டினால் பணிவாக நினைவூட்டு. இரண்டாம் முறை தாண்டினால் பணிவைக் குறை. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்திருப்பதாகச் சொன்னால் ஒரு கேரியரை இரண்டாக்கு. சாப்பாடு விநியோகிக்கும் உறையூர் வெள்ளைச்சாமியின் செல்லிலும் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தார். யாராவது வாசலில் கேரியரை வாங்காமல் திருப்பினால் அவர் அதை அழுத்த வேண்டும். டி.வி.எஸ். வண்டியில் முன்னும் பின்னும் கேரியர் மாட்டிக்கொண்டு வீதி வீதியாகப் போகும் அந்த மனிதர்தான் யோசனையும் சொன்னார்.

"மேடம், வயசானவங்க சாப்பாட்டைத் திருப்புனா சும்மா விடக்கூடாது. உடம்பு முடியலையோ என்னமோ. பையனுக்கு ஒரு வார்த்தை போகட்டும்."

அக்னஸ் அந்தக் கொக்கியை மிகுந்த பக்தியோடு மாட்டினார். கேரியர் திரும்பினால், மகனுக்கோ மகளுக்கோ செய்தி அனுப்பு: 'உங்கள் வீட்டுப் பெரியவர் இன்று சாப்பாடு வாங்கிக்கொள்ளவில்லை. உடனே விசாரிக்கவும்.'

அந்தக் கொக்கி மாட்டிய பிறகு வந்த முதல் ஏகாதசி அன்று, பகல் பன்னிரண்டரைக்கு மேல், வெள்ளைச்சாமி பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். ஏகாதசியில் அரிசி கிடையாது; ரங்கசாமி கோதுமை உப்புமாதான் அனுப்புவார். முழுப் பட்டினி இருப்பவர்கள் அதையும் வேண்டாம் என்பார்கள். எப்போதும் வாசலில் கையசைப்பதோடு முடிகிற காரியம். இந்தத் தடவை ஒவ்வொரு கையசைப்புக்கும் ஒரு பொத்தான். அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் செய்தி பறந்தது. சிங்கப்பூரில் ஒருவர் மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓடினார். அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் விளக்கைப் போட்டன. சித்திரை வீதியில் பாராயணம் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அவர், 'எதிர்வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சோ பாவம்' என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினார்.

கூடத்துப் போன் அன்று சாயங்காலம் வரை வாயை மூடவில்லை. கடைசியில் ரங்கசாமி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா அக்னஸ், இன்னிக்கு ஏகாதசின்னு உனக்குத் தெரியாதா?"

"ஏகாதசி மார்கழியிலதானே சார் வரும்? திருச்சிக்கே லீவு விடுவாங்களே?"

"அது வைகுண்ட ஏகாதசி. இது சாதா ஏகாதசி. மாசத்துக்கு ரெண்டு வரும்."

"மாசத்துக்கு ரெண்டா!" அக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு பெரிய வெள்ளிக்கிழமை சார். அதுக்கே எங்க வீட்டுக்காரர் பன்னெண்டு மணிக்குச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடப்பார்."

"ஏன் நீங்களாவது சொல்லலை?" என்று அக்னஸ் வெள்ளைச்சாமியைப் பார்த்தார்.

"பொத்தானை அழுத்துன்னீங்க, அழுத்துனேன்" என்றார் வெள்ளைச்சாமி. மென்பொருளே பேசியது போல இருந்தது.

அக்னஸ் பஞ்சாங்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஏகாதசிகளை எல்லாம் மென்பொருளில் ஏற்றினார். சில மாதங்களில் ஸ்மார்த்தர்களுக்கு ஒருநாள், வைஷ்ணவர்களுக்கு மறுநாள் என்று ஏகாதசி பிரிந்து வரும் என்பது தெரிந்ததும், ஒவ்வொரு வீட்டின் பெயருக்குப் பக்கத்திலும் அது எந்த ஏகாதசி வீடு என்று குறித்தார். பாலக்கரை மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிற ஒருவர், யாருடைய உபவாசம் என்றைக்கு என்று ஸ்ரீரங்கத்துக்கே சொல்லும் நிலைக்கு வந்தார். அந்த வீதியில் இதைப் பற்றி ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். "அக்னஸ்கிட்ட கேளு, நாளைக்கா நாளன்னிக்கான்னு" என்று மாமிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். அங்கேதான் பெரியவர்களை நாம் குறைத்து எடைபோட்டோம்.

ஏகாதசி இல்லாத சாதாரண நாட்களில் கேரியர் திரும்ப ஆரம்பித்தது. திங்கட்கிழமை ஒரு வீடு, புதன்கிழமை இரண்டு வீடு. உடம்புக்கு ஒன்றுமில்லை, வாசலில் நன்றாக நிமிர்ந்து நின்று, "இன்னிக்கு வேண்டாம்ப்பா, பொத்தானை அழுத்திடு" என்றார்களாம். அழுத்தியாயிற்றா என்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டு.

ஏகாதசி அன்று நடந்ததை அக்னஸ் ஒரு விபத்து என்று நினைத்தார். அந்த வீடுகளில் அது ஒரு கண்டுபிடிப்பு. கேரியரைத் திருப்பினால் பிள்ளை கூப்பிடுகிறான்! பயிற்சி வகுப்பு இல்லை, வீடியோ இல்லை. இடது கட்டத்தையும் வலது கட்டத்தையும் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் எந்தப் பக்கம் இழுத்தால் எந்தப் பக்கம் மணி அடிக்கும் என்று ஒரே மதியத்தில் பிடித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் இவர்களை விட்டுவிட்டு இவர்கள் பிள்ளைகளை வேலைக்கு எடுத்ததை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பெரும்பாலானோர் ஒரு தடவை, இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டார்கள். கீழ உத்தர வீதி வேதவல்லி மாமி நிறுத்தவில்லை. எண்பதை நெருங்குகிற வயது, தனியாக இருக்கிறார். ஒரே மகன் சம்பத் மெல்போர்னில். வாரத்தில் ஒருநாள் என்று ஆரம்பித்து, ஒன்றுவிட்டு ஒருநாள் கேரியர் திரும்பியது. அக்னஸ் ஒரு மத்தியானம் நேரிலேயே போனார்.

மாமி கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு, செல்போன், மாத்திரை அட்டை.

"இது சுகர் மாத்திரையா மாமி? போட்டுட்டீங்களா?"

"காலம்பரயே போட்டாச்சு."

"மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கீங்களே, தலை சுத்தி விழுந்தா யார் பாக்கறது?"

"அதான் உங்க மெஷின் சொல்லிடுமே" என்றார் மாமி, சர்வ சாதாரணமாக.

"மாமி, போன் பேசணும்னா நீங்களே போட வேண்டியதுதானே?"

"போட்டா, 'மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்'னு எழுத்து வரது. நான் மெசேஜ் அனுப்பினா கட்டைவிரலைக் காட்டறான். உங்க மெஷின் அனுப்பினா அஞ்சு நிமிஷத்துல 'அம்மா!'ன்னு அலறிண்டு கூப்பிடறான். அந்த அம்மாவைக் கேக்கறதுக்கு ஒரு வேளை சாப்பாடு போனா போறது."

அக்னஸ் மகனிடம் சொல்லிவிடுவதாகக் கிளம்பினார். மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னேன்னா அப்புறம் கடமைக்குக் கூப்பிடுவான். அது வேண்டாம். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. எங்க பெருமாள் மேல வேண்டாம், அது உன்னைக் கட்டுப்படுத்தாது. வேளாங்கண்ணி மாதா மேல பண்ணு."

அக்னஸுக்கு வேறு வழி தெரியவில்லை. பண்ணினார்.

ஆனால் அந்தப் பக்கம் ஒன்று தேய்ந்துகொண்டிருந்தது. சம்பத் முதல் தடவை அரைமணி நேரம் பேசினார். பிறகு, "சாப்பிடும்மா, மறுபடி கூப்பிடறேன்" என்று இரண்டு வாக்கியம். பிறகு அம்மாவைக் கூப்பிடாமல் சாப்பாட்டுக் கூடத்துக்கே ஒரு வரி எழுதினார்: 'வழக்கம்போலத்தானே?' அக்னஸ் அதை இரண்டு தடவை படித்தார். மாமி வைத்த நம்பிக்கை முழுதும் அந்தச் செய்தியின் மேல்தான். மகனுக்கு அது பழகிப்போய்விட்டது.

அடுத்த வாரமே நடந்தது. வெள்ளைச்சாமி கேரியரை நீட்டினார், மாமி, "இன்னிக்கு வேண்டாம்" என்றார், அவர் பொத்தானை அழுத்தினார், செய்தி கிளம்பியது. வண்டியை உதைக்கப்போனவர் திரும்பிப் பார்த்தால், மாமி கதவைப் பிடித்தபடி சரிந்து படியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். முகமெல்லாம் வியர்வை. வெள்ளைச்சாமி உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பக்கத்துவீட்டு மாமாவைக் கூப்பிட்டு, டாக்டருக்குச் சொல்லி, எல்லாம் தெளிந்து மாமி எழுந்து உட்கார்ந்து, "உங்க வண்டியில மத்தவா சாப்பாடு ஆறிண்டிருக்கு, போங்கோ" என்று அதட்டும்வரை மெல்போர்னிலிருந்து போன் வரவில்லை. சாயங்காலம் ஒரு கட்டைவிரல் வந்தது.

"கொக்கி வேலை செஞ்சுதா மேடம்?" என்று கேட்டார் வெள்ளைச்சாமி.

"செஞ்சுது. அது பாட்டுக்கு அனுப்பிடுச்சு." அக்னஸ் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பக்கம்தான் ஆள் இல்ல."

அன்று அவர் வீட்டுக்குப் போகும்போது பாலத்தில் கணவருக்கு போன் போடவில்லை. கேஸைப் பற்றி விசாரணை வராததால், என்னமோ ஏதோ என்று அவரே பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றதாகக் கேள்வி.

மறுநாள் காலை அக்னஸ் இரண்டு கட்டத்தின் முன் உட்கார்ந்தார். மாமியைச் சாப்பிட வைக்க வேண்டும். மகனைக் கூப்பிட வைக்க வேண்டும். மகனிடம் வாயைத் திறக்கக் கூடாது, சத்தியம். பெரிய மூளைகள் எல்லாம் இங்கே கையை விரித்திருக்கும். அக்னஸ் வேதவல்லி வீட்டுப் பக்கத்தைத் திறந்து இரண்டே இரண்டு மாற்றம் செய்தார். மாத பில்லை வார பில் ஆக்கினார். பணம் கட்டும்போது சரிபார்ப்புக்காக வரும் நாலு இலக்க நம்பர், மகன் செல்லுக்குப் பதில் அம்மா செல்லுக்குப் போகும்படி மாற்றினார்.

ரங்கசாமி பின்னாலிருந்து பார்த்தார். "ஏம்மா, கடுப்பாகி அவன் கணக்கை மூடிண்டு போயிட்டா?"

"போக மாட்டார் சார்."

"எப்படிச் சொல்றே?"

"முதல் தடவை 'அம்மா'ன்னு அலறிக்கிட்டு அரைமணி நேரம் பேசினவர் சார்."

வியாழக்கிழமை மதியம் முதல் வார பில் போயிற்று. வெள்ளைச்சாமி கேரியரோடு கீழ உத்தர வீதிப் படியேறும்போது மாமி செல்லை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து வெள்ளைச்சாமி அதை இரு குரலிலும் நடித்துக் காட்டினார்.

"அம்மா, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைப் படி."

"வந்திருக்கு. சொல்ல மாட்டேன்."

"ஏம்மா?"

"பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா. பெத்த பிள்ளை கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லப்படாதாம்."

"அம்மா, நான்தாம்மா கேக்கறேன், சம்பத்!"

"சம்பத் குரல்லயே பேசறாளாம் இப்பல்லாம். பேப்பர்ல போட்டிருந்தான். நீ சம்பத்னா சொல்லு, உன் முழங்கால் தழும்பு எப்படி வந்தது?"

"கொள்ளிடக் கரையில சைக்கிள்லேர்ந்து விழுந்தேன்."

"தனியாவா?"

"…பின்னாடி எதிராத்து கோபு இருந்தான்."

"பார்த்தியா! அன்னிக்குக் கேட்டப்போ தனியா விழுந்தேன்னியே!"

இதற்குள் நம்பர் காலாவதியாகி, இன்னொரு நம்பர் வந்து, அதுவும் காலாவதியானது. கோபு இப்போது எங்கே, அவன் பெண்ணுக்குக் கல்யாணமா என்று பேச்சு கொள்ளிடத்தைத் தாண்டிப் போய்விட்டது. வெள்ளைச்சாமி கேரியரைக் காட்டினார். மாமி கையாலேயே, 'உள்ளே வெச்சுட்டுப் போ' என்று சைகை செய்தார். அவர் செருப்பை மாட்டும்போது உள்ளே அடுக்கு பிரிகிற சத்தம் கேட்டதாம். "என்ன சாப்பிடறே?" என்று மெல்போர்ன் கேட்டது. "வாழைப்பூ பருப்புசிலி. உனக்கு அங்க கிடைக்கவா போறது" என்றார் மாமி, வாயில் வைத்துக்கொண்டே.

வியாழக்கிழமைகள் இப்படிப் போயின. மற்ற நாட்களிலும் கேரியர் திரும்பவில்லை. மகன் வியாழக்கிழமை கேட்பானே, என்ன சாப்பிட்டாய் என்று. சொல்வதற்கு ஏதாவது வேண்டாமா?

ஒரு மாதம் கழித்து அக்னஸின் மேஜையில் போன் அடித்தது.

"மேடம், நான் சம்பத். வேதவல்லியோட பையன்."

"சொல்லுங்க சார்."

"பேமெண்ட் கோட் அம்மா நம்பருக்குப் போறது."

"சிஸ்டம்ல அப்படி வருது சார்."

"மாச பில் வார பில் ஆயிருக்கு."

"அதுவும் சிஸ்டம்தான் சார்."

அந்தப் பக்கம் சின்னச் சிரிப்பு. "மேடம், நான் இங்க ஒரு கரண்ட் கம்பெனிக்கு பில்லிங் சாப்ட்வேர் எழுதறேன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஹூக் வெக்கிறதுதான் என் வேலை. சிஸ்டம்ல தானா ஒண்ணும் வராது."

அக்னஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுப்படி வாசலில் ரங்கசாமி அசையாமல் நின்றார்.

"மாத்திடணுமா சார்? ஒரு நிமிஷ வேலை."

சம்பத் வேறொன்று கேட்டார்.

"அந்தக் கோட் எவ்வளவு நேரம் செல்லும்னு வெச்சிருக்கேள்?"

"அஞ்சு நிமிஷம் சார்."

"அதான் தப்பு. அம்மாவுக்கு இப்ப அது தெரிஞ்சுபோச்சு. நேரம் முடிஞ்சுடப்போறதேன்னு எடுத்ததும் நம்பரைச் சொல்லிடறா. சொன்னவுடனே, 'சரி வெச்சுடு, உனக்கு வேலை இருக்கும்'ங்கறா. ஒரு மணி நேரமா ஆக்கிடுங்கோ. எல்லாத்தையும் பேசிட்டு, கடைசியா சொல்லட்டும்."

அக்னஸ் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஐந்தை அழித்து அறுபது என்று போட்டார்.

"போட்டுட்டேன் சார். போதுமா?"

"இப்போதைக்குப் போறும்" என்றார் சம்பத்.